லயத்துக் குப்பைக்கு எந்த நிறம்?

கெம்பஸில் படிக்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிறங்கள் மனப்பாடம். உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு. லீவுக்கு ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டு லயத்துக்கு ஏறினால் தொட்டியே கிடையாது. பிஸ்கட் உறையும் ஷாம்பு பக்கெட்டும் கானுக்குள். மழை பெய்தால் ஆற்றுக்கு.

"தோட்டத்து ஆக்களுக்குச் சுத்தம் தெரியாது" என்பவர்கள் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்கட்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட அதுதான் முட்டுக்கட்டை. வோட்டுக் கேட்டு வர மட்டும் தடை இருக்கவில்லை! 2018இல்தான் திருத்தினார்கள், முப்பத்தோரு வருசம். நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் அந்த ஆண்டுதான் இயங்கத் தொடங்கின. ஆனாலும் குப்பை வண்டி பல இடங்களில் தார் ரோட்டோடு திரும்பிவிடுகிறது.

கொழுந்து லொறியில் ஏற்றச் சொல்லவில்லை, துரை அடிக்க வருவார். வாரத்தில் ஒரு நாள் தொங்கல் லயம் வரை சபை வண்டி வரவேண்டும். லீவில் நிற்கிற கெம்பஸ் பிள்ளைகள் யாராவது மனுவை எழுதுங்கள். வீடு வீடாகப் போய் ஒப்பம் வாங்குவது என் பொறுப்பு.