மதுரைக்கு வரும் படகு ஹெட்டுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 61 நாள். மீனுக்கு இனப்பெருக்க காலம், மதுரை கே.புதூர்ப் பட்டறைகளுக்கு சீசன். மண்டபம், ராமேசுவரம் பக்கமிருந்து மினி லாரியில் என்ஜின் ஹெட்டுகள் வந்து இறங்குகின்றன. பெரும்பாலும் லேலண்ட். கடலே இல்லாத ஊரில் உப்புப் பூத்த இரும்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

*

லாரியில் ஓடும் அதே குடும்பத்து என்ஜின்தான் படகிலும். ஆனால் லாரிக்கு இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, டீக்கடை உண்டு. படகுக்கு எதுவும் கிடையாது. வலையை இழுக்க ஆரம்பித்தால் மணிக்கணக்கில் ஒரே லோடு. புரொப்பல்லரின் கணக்கும் கொடுமையானது: சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப சக்தி கேட்கும். ஆர்பிஎம்மைப் பத்து சதவீதம் ஏற்றினால் சக்தி 33 சதவீதம் கூட வேண்டும்.

உழைப்பில் படகு என்ஜினுக்கு நெருங்கிய உறவு லாரி இல்லை, மேலூர்க் கிணற்றடியில் நின்ற பழைய ஆயில் என்ஜின்தான். ஐந்து குதிரைசக்தி கிர்லோஸ்கர், 1500 ஆர்பிஎம், கிணறு வற்றும்வரை நிற்காது. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபின் அவை ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின. அவற்றில் கைபழகிய மேஸ்திரிகள்தான் படகு ஹெட்டை நிதானமாகப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். லாரி மெக்கானிக்குக்கு அவசரம் அதிகம்.

*

நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுற்றும். 1800 ஆர்பிஎம் என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 900 தடவை திறந்து மூடும், மணிக்கு 54,000. இருபது மணி நேரம் ஓடினால் பத்து லட்சத்தைத் தாண்டும். உதிரிபாகம் வாங்க வருகிறவர் விலையைக் கேட்குமுன் இதை ஒருமுறை பெருக்கிப் பார்க்கலாம்.

*

மேஸ்திரி கையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு. எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் வைப்பார். ஒட்டினால் கடைக்கே திருப்பி அனுப்பு.

எக்ஸாஸ்ட்டுக்கு வழக்கமாகப் போடுவது 21-4என் எஃகு: 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கூடவே மாங்கனீசும் நைட்ரஜனும். அதில் காந்தம் பிடிக்காது. தண்டு வேறு எஃகாக இருக்கலாம் (இரண்டையும் பற்றவைத்துத்தான் பல வால்வுகள் வருகின்றன), அங்கே பிடிக்கும். இன்லெட் வால்வு சிலிக்கான்-குரோமிய எஃகு. அதில் முழுக்கப் பிடிக்கும். காந்தம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, ஆனால் இன்லெட் இரும்பில் செய்த போலி எக்ஸாஸ்ட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கும் மேலே போனால் இன்கோனல். இன்னும் போனால் தண்டைக் குடைந்து சோடியம் நிரப்பியது. சோடியம் 98 டிகிரியில் உருகி, தண்டுக்குள் மேலும் கீழும் குலுங்கி, தலையின் சூட்டைக் கைடு பக்கம் கொண்டுபோகும். நம் படகுக்கு அது வேண்டியதில்லை. வால்வின் சூட்டில் பெரும்பங்கு சீட் வழியாகத்தான் இறங்குகிறது. சீட்டை ஒழுங்காக வெட்டினாலே பாதிக் கவலை தீரும். பந்தயக்காரர்கள் சீட்டை மெல்லிசாக வெட்டுவார்கள். காற்று நன்றாக ஓடும், சூடு இறங்காது. படகில் கொஞ்சம் அகலமாக இருப்பதே நல்லது.

வரிசையும் முக்கியம். முதலில் கைடு, பிறகு சீட். தேய்ந்த கைடில் வைத்து வெட்டிய சீட் நடுவில் இருக்காது.

*

"அண்ணே, ஸ்பிரிங்க கொஞ்சம் டைட்டாப் போட்டா புல்லிங் கூடும்ல?" படகு ஓனர், இளைஞர்.

"ஸ்பிரிங்குலயா தம்பி புல்லிங் இருக்கு? வால்வ நேரத்துக்கு மூடுனாப் போதும் அது."

டைட் ஸ்பிரிங் அதிவேக பெட்ரோல் என்ஜினுக்கு. அங்கே ஆர்பிஎம் ஏற ஏற வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். 2000 ஆர்பிஎம் டீசலில் அந்தப் பயம் கிடையாது. தேவைக்கு மேல் இறுக்கினால் கேமும் டேப்பெட்டும்தான் தேயும். பார்க்க வேண்டியது வேறு: கழற்றி வைத்தால் ஸ்பிரிங் பழைய உயரத்துக்கு நிற்கிறதா, கம்பியில் துருப்புள்ளி இருக்கிறதா. ஒரு புள்ளி போதும், அங்கிருந்து விரிசல் கிளம்பும். இரட்டை ஸ்பிரிங் உள்ள என்ஜினில் உள் ஸ்பிரிங்கும் வெளி ஸ்பிரிங்கும் எதிரெதிராகச் சுற்றியிருக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றதில் சிக்காது. மிஞ்சிய ஒன்று வால்வை சிலிண்டருக்குள் விழாமல் பிடித்துக்கொள்ளும். கரை தெரியாத இடத்தில் இந்த ஒரு ஸ்பிரிங்தான் படகை வீட்டுக்குக் கொண்டுவரும்.

*

அமெரிக்க வேகப்படகுக்காரர்களுக்கு வேறு தலைவலி. அவர்கள் பெரிய வி8 பெட்ரோல் என்ஜினின் புகைக்குழாயிலேயே குளிர்விக்கும் தண்ணீரைக் கலந்து வெளியேற்றுகிறார்கள். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமுள்ள பந்தயக் கேமைப் போட்டால், மெதுவாக ஓடும்போது அந்தத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு வால்வுக்கே வந்துவிடும். அதனால் படகுக்கான கேமில் அந்த நேரத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். நம்மூரில் பல படகுக்குப் புகைக்குழாய் நேரே மேலே நிற்கிறது. தடைக்காலத்தில் அதன் வாயை ஒரு தகரத்தால் மூடாமல் விட்டால் மழைத்தண்ணீர் இறங்கும், பலன் ஏறக்குறைய அதேதான்.

*

வேக ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூன்று நாளில் முந்திப் போய் முந்தித் திரும்ப வேண்டும். எல்லைக்கு அப்பால் இலங்கை 2017இல் இழுவைமடியையே தடைசெய்துவிட்டது. கடற்படைப் படகு துரத்தும். தமிழக விதிகள் 2020இல் என்ஜினுக்கு 240 குதிரைசக்தி என வரம்பு வைத்தன. அந்த வரம்பை மீற வால்வு, கேம் வழியாகக் குறுக்குவழி கேட்டு வருகிறவர்களும் உண்டு. மேஸ்திரி காது கேட்காதவர் ஆகிவிடுவார்.

*

கடைசியில் டேப்பெட் இடைவெளி. புதிதாக வெட்டிய சீட்டில் வால்வு பதியப் பதிய இடைவெளி குறையும். அதிகமாக இருந்தால் டக்டக்கென்று கத்தும், ஆள் கவனிப்பார். குறைந்தால் சத்தமே வராது. வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும். அதனால் முதல் ட்ரிப் முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும். அதற்காக 170 கிலோமீட்டர் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. டிரைவரை உட்காரவைத்து, ஃபீலர் கேஜில் எந்த இதழ் இன்லெட்டுக்கு, எது எக்ஸாஸ்ட்டுக்கு என்று பெயிண்ட் தொட்டுக் கொடுத்து அனுப்புகிறார்.