ரதி வேடத்துக்கு உரியவர் யார்?

கூத்தொன்று அரங்கேறுவதற்கு முன்னரே அதன் பாதி நடந்து முடிந்துவிடுகின்றது எனலாம். இன்னார் இன்ன வேடம் புனைவர் என முடிவு செய்யப்படும் வேளையே அந்தப் பாதியாகும். கூத்துப் பார்க்கச் செல்வோர் இதனைக் காண்பதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பது ஆட்டத்தைக் காட்டிலும் வேடத் தெரிவிலேயே தெளிவாகப் புலப்படும். பதுளை மாவட்டப் பெருந்தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து இதற்குத் தக்க சான்றாகும்.

முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்த கூத்துக்களுள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுட் காமன் கூத்தே தோட்டம் முழுவதையும் ஈர்த்துக்கொள்வது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளில் கம்பம் ஊன்றப்படும். காமன் பொட்டல் எனப்படும் வெளியில் தப்பு முழங்கும். அன்றிலிருந்து இரவுதோறும் வளரும் ஆட்டம் காமன் தகனத்தில் உச்சம் பெறும்.

கதை புராணக் கதைதான். எனினும் அதன் உயிர் குடும்பக் கதையின் உயிரே. காமன் திருமாலின் மகன். உமையோ திருமாலின் தங்கை. ஆகவே, சிவன் காமனுக்கு மாமன் முறையாகின்றான். மாமனின் தவத்தைக் கலைக்கச் செல்லுமாறு காமனுக்கு ஓலை வருகின்றது. தீக்கனாக் கண்ட ரதி அவனைப் போகவேண்டாமென மறிக்கின்றாள். சிவனே பெரியவன் என்கிறாள் அவள். தன் தந்தையே பெரியவன் என்கிறான் அவன். கணவன் மனைவியரிடையே வாக்குவாதம் முற்றுகின்றது. அவன் செல்கின்றான், நெற்றிக்கண்ணில் எரிகின்றான். ரதி அழுது நியாயம் கேட்கின்றாள். ஈற்றில், அவள் கண்ணுக்கு மாத்திரம் தோன்றுமாறு காமன் உயிர்பெறுகின்றான். மருமகனை எரித்த மாமனிடம் மருமகள் வழக்குரைக்கும் இக்கதை, லயத்து இஸ்தோப்பிற் பேசித் தீர்க்கப்படும் குடும்ப வழக்குகளிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

இக்கதையின் சுமை ரதியின் தோளிலேயே தங்கியுள்ளது. மரபுப்படி அவ்வேடம் புனைபவன் ஓர் ஆண். பெரும்பாலும் மணமாகாத இளைஞன். பெற்றோரின் நேர்த்திக்கடனாக அதனை ஏற்போரும் உளர். ஏனையோரை, மாஸ்டர் என அழைக்கப்படும் கூத்தாசிரியரும் தோட்டத்துப் பெரியோருமே தெரிவு செய்வர்.

அத்தெரிவுக்கு விண்ணப்பமுமில்லை, மேடையுமில்லை. பகல் முழுவதும் மலையில் வேலை செய்து திரும்பிய இளைஞனொருவன், இரவில் மாஸ்டர் முன்னிலையில் நிற்கின்றான். மாஸ்டர் ஓரடி பாடுகின்றார். அவன் அதனைத் திருப்பிப் பாடவேண்டும். தப்பின் அடிக்கேற்பக் காலெடுத்து வைக்கவேண்டும். குரல் சற்றுப் பிசகினும், கால் சற்றுத் தவறினும் குற்றமில்லை. பயிற்சியில் அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். மாஸ்டர் உற்று நோக்குவது வேறொன்றை. பெண்ணாகப் பேசு என்றதும் அவன் தன்னைத்தானே கேலி செய்து நகைக்கின்றானா? நாளைக் காலை பிரட்டுக்களத்திற் பக்கத்தில் நிற்கப்போகும் தோழர் முன்னிலையில் நாணாமல் அழ அவனால் இயலுமா? காப்புக் கட்டிய பின் மதுவும் புலாலும் நீக்கி விரதங் காக்கும் உறுதி அவனுக்கு உண்டா? இவற்றுக்கு விடை ஓரிரவிற் கிடைப்பதன்று. அவன் எவ்வாறு வளர்ந்தான், வீட்டில் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பன லயத்தவர் எல்லோருக்கும் முன்பே தெரியும். அவர்கள் அறிந்துவைத்திருப்பதே பாதித் தீர்ப்பு.

இவ்விடத்திற் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்த இளைஞன் ஒப்பாரியை யாரிடம் கற்றான்? இழவு வீட்டில் தாயும் பாட்டியும் மார்பிலடித்து அழுதபோது கேட்டவையே அவன் குரலில் ஏறி நிற்கின்றன. ஒப்பாரி பெண்கள் வளர்த்த கலை. அதனை அவனுக்கு ஊட்டியவளோ மாஸ்டர் முன் நிற்க அழைக்கப்பட்டவளல்லள். பொட்டலின் ஓரத்தில் அமர்ந்து, தன் அழுகை மகனின் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவள் கண்ணீர் வடிக்கின்றாள்.

அவ்வாறே, தப்பின்றிக் காமன் இல்லை. ஆயினும், தப்படிப்போனின் மகன் ரதியாகலாமா என்ற வினா பல தோட்டங்களில் நெடுங்காலம் எழுப்பப்படவேயில்லை. கங்காணிமார் ஆட்களைச் சாதி வழியாகவும் உறவு வழியாகவும் திரட்டி வந்த காலத்தில், அவ்வொழுங்கே கூத்துக்களத்திலும் நிழலாகத் தொடர்ந்தது. எல்லோரும் சேர்ந்து அழுவதற்கெனத் திரண்ட இடத்திலும், அழுகைக்குத் தலைமை தாங்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை.

அவ்வழுகை வெறும் புராண அழுகையாக நிலைத்துவிடவுமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. பதுளையிற் புகைவண்டியேறித் தலைமன்னாரிற் கப்பலேறியோர் பலர் மீண்டும் வரவில்லை. ஓலை வந்ததும் ஒருவன் புறப்பட்டுப் போவதும், போகாதே எனப் பெண்ணொருத்தி மறிப்பதும் அக்காலத்தோருக்குப் பழங்கதையாக இருந்திருக்க முடியாது. அவள் கண்ணுக்கு மாத்திரமே அவன் தோன்றுவான் என்ற முடிபும் அவர்களுக்கு நன்கு விளங்கியிருக்கும். இத்தகைய துயரை ஏந்திப் பாடுதற்கு நல்ல குரல் மட்டும் போதாது என மாஸ்டர் கருதியதில் வியப்பில்லை.

1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் முதலியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றிக் கூத்துக்குப் புதுமதிப்புத் தேடித் தந்தார். கற்றோர் மேடையில் ஆற்றலே வேடத் தெரிவின் அளவுகோலாவது இயல்பு. சாதியையோ செல்வாக்கையோ கேளாதவரை அது மேலானதே. ஆனால், அங்கு தெரிவு செய்யப்படாதவன் பார்வையாளனாகி விலகுகின்றான். தோட்டத்திலோ ரதியாகாதவன் குறவனாகின்றான், கோமாளியாகின்றான், தூதனாகின்றான். எதுவும் ஆகாதவன் தகனத்துக்கு வைக்கோல் சுமக்கின்றான். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பாத இப்பண்பு, கற்றோர் அரங்கு தோட்டத்திடமிருந்து கற்கவேண்டியதாகும்.

இன்று நிலைமை மாறியுள்ளது. இளைஞர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் சென்றுவிடுகின்றனர். முன்னர் பலருள் ஒருவரைத் தெரிந்த மாஸ்டர், விடுமுறை பெற்று யாரேனும் வருவாரா எனக் காத்திருக்க நேர்கின்றது. ஆளில்லாமையால் மரபு அழியுமெனப் பெரியோர் கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானதே. ஆயினும், ஆளில்லை எனக் கூறுமுன் யார் யாரை இதுவரை அழைக்கவில்லை என எண்ணிப் பார்க்கவேண்டும். ஒப்பாரியை இயல்பாகவே அறிந்த பெண் பிள்ளைகள் அதே லயத்தில் இருக்கின்றார்கள். தாளத்தை உதிரத்திற் கொண்ட தப்பிசைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். விரதமும் பக்தியும் அவர்களுக்கு அந்நியமானவையல்ல. மாஸ்டர் அடுத்த மாசிக்கு முன் ஓரிரவு அவர்களையும் அழைத்து ஓரடி பாடச் சொல்லட்டும்.