மேலிலை

சுருட்டைப் பற்றியும் ஒரு கட்டுரையா எனச் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். நான் புகைப்பவன் அல்லன். புகைத்துப் பார்த்தவனும் அல்லன். ஆயினும் ஒரு சுருட்டைக் கண்ணால் பார்த்த அளவில், அது சீராக எரியுமா, பாதியில் வெடித்து உதிருமா என்று ஓரளவு சொல்ல எனக்குத் தெரியும். அந்தப் பயிற்சியைத் தந்தவர் என் பாட்டனார்.

அவர் ஹற்றனை அண்டிய தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கவ்வாத்து வெட்டியவர். வேலையிலிருந்து ஓய்ந்த பின்னரும் ஞாயிறுதோறும் லயத்திலிருந்து நகரத்திற்கு இறங்குவார். தேங்காயும் கருவாடும் வாங்குவதெல்லாம் ஒரு சாட்டு. உண்மையான காரியம் கடைத்தெரு மூலையில் இருந்த யாழ்ப்பாணத்து முதலாளியின் கடையிலேதான். முதலாளியின் தகப்பனார் முன்னர் நுவரெலியாவில் கடை வைத்திருந்தவர். 1983 ஆடிக் கலவரத்தில் அக்கடை எரிந்தது. அதனை முதலாளி விரித்துரைத்து நான் கேட்டதில்லை. "எண்பத்து மூண்டுக்கு முந்தி" என்று சில பேச்சுகளைத் தொடங்குவார். பிறகு வேறு எதையோ பேசி முடிப்பார்.

சுருட்டுக் கட்டுகள் பழைய பிஸ்கட் தகரங்களில் இருக்கும். மலைநாட்டு ஈரத்தில் வெளியே வைத்தால் இரண்டு வாரத்திற் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறநாட்டுச் சுருட்டுப் பிரியர்கள் ஈரப்பதம் எழுபது வீதமளவில் நிற்கும்படி விலையுயர்ந்த மரப்பெட்டிகள் செய்துகொள்கிறார்கள் எனப் பின்னாளில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்தில் ஈரத்தை வரவழைக்க யாரும் பாடுபட்டதில்லை. அதனை விரட்டவே அடுப்புக்கு மேலே பரண் இருந்தது.

பாட்டனார் தகரத்தைத் திறந்தவுடன் முகர்வதில்லை. உள்ளே என்ன இலை வைத்தார்கள் என்றும் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் வெளியே சுற்றியிருக்கும் மேலிலையைத்தான் பார்ப்பார். நரம்பு மெலிந்து, சுற்றோடு சுற்றாகச் சாய்ந்து ஓட வேண்டும். பச்சைத் திட்டு இருந்தால் இலை பதப்படவில்லை. ஊசியாற் குத்தியதுபோல் துளை இருந்தால் வண்டு புகுந்துவிட்டது. விரலால் மெல்ல அழுத்தினால் இலை முறுமுறுக்காமல் வளைந்து மீள வேண்டும். நிறத்தை மட்டும் அவர் நம்புவதில்லை. "கறுப்பா இருந்தா காரம்னு நெனைப்பாங்க ராசா. கறுப்பு வேற, காரம் வேற" என்பார். இது உண்மையே. இலையைக் குவியலாக அடுக்கி நெடுநாள் புழுங்க விட்டாலும் நிறம் கறுக்கும். காரமோ பெரும்பாலும் உள்ளிலையைப் பொறுத்தது, அதிலும் செடியின் உச்சியிற் பறித்ததா அடியிற் பறித்ததா என்பதைப் பொறுத்தது.

இங்கே என் அப்பாயி ஒரு தர்க்கம் வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்து கிள்ளியவர் அவர். முற்றிய இலை கூடையில் இருந்தால் கொழுந்து மடுவத்தில் ஏச்சு வாங்க வேண்டும். புகையிலையோ முற்றிப் பழுத்தாற்றான் ஆகும். "நாங்க வீசுற இலைக்குத்தான் இந்த மனுஷன் காசு குடுக்குறாரு" என்பார். பாட்டனார் பதில் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் கிணற்று நீர் இறைத்து வளர்க்கும் புகையிலையைப் பொச்சுமட்டைப் புகையிற் பதப்படுத்துவர். அக்குடாநாட்டின் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க ஏனையோர் கேட்டவாறே சுருட்டுச் சுற்றும் வழக்கம் இருந்தது. 1865 ஆம் ஆண்டளவில் ஹவானாவின் தொழிற்சாலைகளிலும் இதே வழக்கம் தோன்றியது. தேயிலை மலையில் எங்களவருக்கு எவரும் எதையும் வாசித்ததில்லை. இலையின் நடுநரம்பை நீக்கினால் இடப்பாதி, வலப்பாதி என இரண்டாகும். ஒன்றை ஒரு பக்கமாகவும் மற்றதை மறுபக்கமாகவும் சுற்றினாற்றான் நரம்பு ஒழுங்காகப் படியும். 1962 இல் அமெரிக்கா கியூபச் சுருட்டைத் தடைசெய்த பின்னர் அந்நாட்டார் கொனெற்றிக்கட்டின் துணிப்பந்தல் நிழலில் வளர்ந்த இலை, சுமாத்திரா இலை, கமரூன் இலை என மேலிலையின் பெயர் சொல்லித் தெரிவு செய்வதிற் பெரிதும் தேர்ந்தார்கள். பாட்டனாருக்கு இப்பெயர்கள் ஒன்றும் தெரியாது. ஆனால் 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட காலத்தைப் பற்றிச் சொல்லும்போது, "அப்ப வந்ததெல்லாம் ஒட்டுப்போட்ட இலை" என்பார். போரைப் பற்றி அவர் சொன்ன மிகச் சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவருடைய கண்களிற் புரை படர்ந்தது. அதன்பின் நான் அவருடைய கண்ணானேன். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்க்குப் புகையிலை விற்றல் ஆகாது என 2006 இல் வந்த சட்டம் சொல்கிறது. முதலாளி அதில் மிகுந்த கவனமுடையவர். "தம்பி பார்க்கலாம், தொடக்கூடாது" என்று என்னைக் கடைப்படியிலேயே நிறுத்திவிடுவார். ஆகவே நான் பார்த்துச் சொல்வேன். பாட்டனார் தொட்டுப் பார்ப்பார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு ஞாயிறு காலை அப்பாயி என் சட்டைப் பொத்தானைப் பூட்டியவாறே, "இலை சரியில்லைன்னு சொல்லிடு சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று தகரத்திலிருந்து வந்த கட்டு நான் அதுவரை கண்டவற்றுள் மிகச் சிறந்தது. கருப்பட்டி நிறம்; எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு; நரம்பே தெரியவில்லை.

"இலை எப்படி ராசா?"

"வெடிச்சிருக்கு தாத்தா. ஓட்டையும் இருக்கு."

பாட்டனாரின் பெருவிரல் ஒரு சுருட்டின்மேல் நுனியிலிருந்து அடிவரை மெதுவாகச் சென்றது. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாட்டனார் கையைச் சற்று உயர்த்தினார். "பேரப்புள்ள பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கட்டைத் திருப்பி வைத்தார். வழிநெடுக அவர் என் தோளைப் பற்றியிருந்த பிடி வழக்கம்போலவே இருந்தது. அன்றிரவு அப்பாயி எனக்கு ஒரு ரொட்டி கூடுதலாக வைத்தார். என்னால் அதனை உண்ண முடியவில்லை.

அடுத்த ஞாயிறும் அவர் அழைத்தார். அதே வினாவைக் கேட்டார். நான் உள்ளபடி சொன்னேன். அவர் கட்டாக வாங்காமல் இரண்டு சுருட்டு மட்டும் வாங்கினார். அதன்பின் எப்போதும் இரண்டுதான். நெஞ்சு நோயால் 2017 இல் அவர் காலமானார். நான் முதல் ஞாயிறு சொன்னதைத் தொடர்ந்து சொல்லியிருக்க வேண்டுமா என்பதை அப்பாயியிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் இப்போது இல்லை.

சென்ற விடுமுறையிற் பேராதனையிலிருந்து ஊர் திரும்புகையில் அக்கடைக்குச் சென்றேன். முதலாளி தலை நரைத்திருந்தார். என் வயதைக் கேட்டு, இருபத்திரண்டு என்றதும், "அப்ப இனித் தொடலாம்" என்று சிரித்துக்கொண்டு தகரத்தை நீட்டினார். நல்ல இலை. ஒன்றை எடுத்துக் கண்களை மூடிக்கொண்டு பெருவிரலால் நுனியிலிருந்து அடிவரை தடவினேன். வெடிப்பு இல்லை, துளை இல்லை என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது.