வெள்ளைத் தழும்பு

மாடு வாங்க வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? எங்கள் தோட்டத்தில் பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள், பிறகு நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்ப்பார்கள். என் அம்மா மட்டும் கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். காது மடலில் தொடங்கி, அலைதாடி, விலா, மடி, வாலடி என்று அவர் விரல்கள் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். "தோலு நல்லா இருந்தா உள்ளேயும் நல்லா இருக்கும்டா" என்பார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மாவின் அந்தச் சொல் எவ்வளவு பெரிய உண்மை என்பதை, ஒரு தவறு செய்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

அது 1976ஆம் ஆண்டு. எனக்கு 14 வயது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். லயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் லட்சுமி என்ற பசுவும் அதன் கிடேரிக் கன்றும் நின்றன. நம்மவர்கள் பிழைப்புத் தேடி இந்நாட்டுக்கு வந்தபோது கறவை மாடுகளும் கப்பலேறி வந்தன. அந்த வழியில் வந்த மாடுகளை இன்றும் 'உள்ளூர் இந்தியக் கறவை இனம்' என்றே குறிப்பிடுகிறார்கள். எங்கள் லட்சுமியும் அந்த வம்சந்தான். அவள் பால் விற்ற காசில்தான் என் பள்ளிப் புத்தகமும் பஸ் கட்டணமும் நடந்தன.

வேலை முடிந்து வந்த அம்மா மாலையில் உண்ணி பிடுங்குவார். பிடுங்கிய உண்ணியை ஒரு பழைய பால் டின்னில் போடுவார். டின்னின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்கும். உண்ணிகள் அதில் விழுந்து செத்து மிதக்கும். கீழே விட்டால் ஒரு பெட்டை உண்ணியே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிடும். அதனால்தான் அந்த டின்.

சின்னம்மாவின் பிரசவத்துக்காக அம்மா வேறு தோட்டத்துக்குப் போக வேண்டி வந்தது. "தம்பி, தினமும் உண்ணி பார்க்க மறந்துடாதே" என்று பலமுறை சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கோ மாலையில் திடலில் பந்து விளையாட வேண்டும். மூன்று நாள் கன்றின் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் பார்த்தால் காதுக்குள்ளும் கழுத்திலும் உண்ணி கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மூளை வேலை செய்தது. டின்னில் உள்ள மண்ணெண்ணெயில் உண்ணி சாகிறது. அப்படியென்றால் மண்ணெண்ணெயைக் கன்றின் மீதே தடவிவிட்டால் என்ன? ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமே!

பழைய துணியை நனைத்துக் கழுத்திலும் முதுகிலும் நன்றாகத் தேய்த்துவிட்டுத் திடலுக்கு ஓடினேன்.

மறுநாள் கன்று தீனி எடுக்கவில்லை. ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் சட்டென்று சிலிர்க்குமே, அப்படி ஈயே இல்லாமல் அதன் தோல் சிலிர்த்துத் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டொரு நாளில் கழுத்தில் தோல் காகிதம் போல உரிந்து, சதை சிவந்து நீர் கசிந்தது. லட்சுமி அதை நக்கப் போவதும், நாற்றம் தாங்காமல் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தாள். மடியில் பாலும் குறைந்தது. அப்பா என்னை அடிக்கவில்லை. ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்நடை இலாகாவுக்குப் போனார்.

வந்த மலாய்க்கார ஊழியர் கன்றைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பி, "இனி கூலிட், புக்கான் காயு" என்றார். இது தோல், மரக்கட்டை அல்ல என்ற அந்த வார்த்தை இன்றும் என் காதில் கேட்கிறது. சவர்க்கார நீரால் மெதுவாகக் கழுவச் சொன்னார். வெயிலில் கட்டக் கூடாது என்றார். ஒரு வெள்ளைக் களிம்பும் கொடுத்தார்.

நான் செய்தது என்ன என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். மாட்டின் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் பக்கத்தில் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பி உண்டு. நல்ல மாட்டின் தோல் மினுமினுப்பது அதனால்தான். வியர்வைச் சுரப்பியும் அங்கேயே இருக்கிறது. உடம்புச் சூட்டை ஆற்றுவது அது. மண்ணெண்ணெய் அந்த இயற்கை எண்ணெயைக் கரைத்துவிடும். காவல் போன தோல் வெந்து போகும்.

கொம்பின் மேலுறையும் குளம்பும் தோலிலிருந்து வளர்பவையே. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருளால் ஆனவை. மாட்டின் ஈர மூக்கில் உள்ள வரிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இராது. இவ்வளவு ஏன், பால் மடியே வியர்வைச் சுரப்பியின் வழியில் வந்த தோல் சுரப்பிதான் என்கிறார்கள். நாங்கள் குடித்த பாலும் நான் படித்த படிப்பும் தோல் தந்தவை என்றால் பொய்யாகுமா?

அம்மா திரும்பி வந்து கன்றைப் பார்த்தார். "கையால செய்ய வேண்டிய வேலைக்கு மருந்து தேடினியா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவரோடு சேர்ந்து நானும் தினமும் களிம்பு தடவினேன். கன்று பிழைத்தது. ஆனால் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மயிர்தான் முளைத்தது. தோலில் நிறம் கொடுக்கும் அணுக்கள் செத்துவிட்டால் அப்படித்தான்.

1979இல் தோட்டம் செம்பனைக்கு மாறியது. மாடு வளர்க்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பட்டணத்துப் பால்காரர் ஒருவர் கிடேரியை வாங்க வந்தார். "இது என்ன அண்ணே, வெள்ளை? நோயா?" என்று கேட்டார். பிறவி மச்சம் என்று அப்பா சொல்லியிருக்கலாம். "நோய் இல்லேண்ணே. எங்க பையன் தெரியாமப் பண்ணின வேலை" என்றார். பால்காரர் 50 வெள்ளி குறைத்தே கொடுத்தார். பல நாள் மரம் வெட்டினால்தான் கிடைக்கும் காசு அது. கிடேரி லாரியில் ஏறும்போது அந்த வெள்ளைத் தழும்பு என் பக்கம்தான் தெரிந்தது.

2021இல் இந்நாட்டு மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியபோது, என் மாமா மகன் தன் பசுவுக்குக் கட்டி கட்டியாய் இருப்பதாகப் போனில் சொன்னான். யாரோ மண்ணெண்ணெயும் பழைய என்ஜின் எண்ணெயும் தடவச் சொன்னார்களாம். "தொடாதேடா!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அது ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும் கிருமியால் வருவது. மேலே எதைத் தடவினாலும் தீராது. மனிதருக்கு ஒட்டாது. மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி உண்டு. பசுவைப் பிரித்துக் கட்டிவிட்டு இலாகாவுக்குச் சொல்லச் சொன்னேன். அப்படியே செய்தான். பசு தேறியது.

வீட்டில் ஆடோ மாடோ நாயோ வளர்க்கிறவர்கள் ஒரு நாளில் ஐந்து நிமிடமாவது கையை வைத்துத் தடவிப் பாருங்கள். காதுக்குள், அலைதாடிக்கு அடியில், மடியின் இடுக்கில், குளம்புப் பிளவில் பாருங்கள். கன்றின் முகத்தில் வட்டமாய் மயிர் உதிர்ந்து படை தெரிந்தால், அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாயில்லாத ஜீவன் தன் நோயைத் தோலில்தான் சொல்லும். அம்மாவின் விரல்களுக்கு அந்தப் பேச்சுப் புரிந்தது. எனக்குப் புரிவதற்கு ஒரு கன்றின் கழுத்து வேக வேண்டியிருந்தது.