சுவரைச் சுரண்டிய பிறகுதான் கணக்கே

பெயின்டிங் வேலையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது கண்ணுக்குத் தெரியும் சுவருக்குத்தான். சுரண்ட ஆரம்பித்தால் பூச்சு பொலபொலவென்று உதிரும், உள்ளே உப்பு பூத்திருக்கும், பின்பக்கம் பாத்ரூம் குழாய் கசிந்துகொண்டிருக்கும். ஈரச் சுவரில் பட்டி பார்த்து பிரைமர் அடித்தால் அடுத்த மழைக்கே கொப்பளிக்கும். பிளம்பர் வந்து சரிசெய்து, பூசி, காயும்வரை வேலை நிற்கும். ஆட்களுக்குக் கூலி நிற்குமா?

"மொத்தமாப் பேசினதுதானே அண்ணே?" என்பார் வீட்டுக்காரர். அதிலும் நியாயம் உண்டு. சுவரைச் சாக்குச் சொல்லிக் காசு கறப்பவர்களும் நம் தொழிலில் இருக்கிறார்களே. அதனால் சுரண்டிய அன்றே போட்டோ எடுத்து, கூடுதல் செலவையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். 'சரி' என்று பதில் வராமல் கரண்டியைத் தொடுவதில்லை.

இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. சரி, சில ஆயிரத்துக்காகக் கோர்ட்டுக்கு யார் அலைவது? அட்வான்ஸ், பட்டி முடிந்ததும் ஒரு தொகை, கடைசிக் கோட்டுக்கு முன் ஒரு தொகை என்று பிரித்து வாங்கிவிடுகிறேன். சுவர் காயக் காத்திருந்த நாட்களுக்கு மட்டும் இதுவரை யாரும் காசு தந்ததில்லை.