விழுந்த நிரலின் முகவரியைத் தேடி

படங்களைச் சிறிதாக்கித் தரும் ஒரு நிரல், லினக்ஸ் சர்வரில் இரவோடு இரவாக சிக்னல் 11 வாங்கி நின்றுபோயிருந்தது. அது விட்டுச்சென்ற கோர் கோப்பைப் பார்க்க அந்த அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த இளைஞர் கோப்பைத் தன் லேப்டாப்பில் இறக்கி, ஜிடிபியில் திறந்து வைத்திருந்தார். பேக்ட்ரேஸின் முதல் வரியில், நிரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனின் பெயர். அதற்குக் கீழே கேள்விக்குறிகள்.

"இதை நம்பலாமா சார்?"

"இப்போதைக்கு வேண்டாம். எந்த லைப்ரரி எங்கே ஏறியிருந்தது என்று முதலில் பார்ப்போம்."

'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி' என்று அடித்தார். லைப்ரரிக்கு ஒரு வரி வீதம் தொடக்க முகவரி, முடிவு முகவரி, கோப்பின் பாதை எல்லாம் வந்தன. நிரல் நின்ற முகவரி லிப்ஜேபெக்கின் எல்லைக்குள் இருந்தது. அந்த வரியில் ஒரு நட்சத்திரக் குறி. டீபக் தகவல் இல்லை என்று அதற்குப் பொருள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அவரிடமிருந்த ஜிடிபி பதிப்பு இங்கே காட்டும் தொடக்கம், லைப்ரரி ஏறிய அடி முகவரி அல்ல. அதன் கட்டளைப் பகுதி தொடங்கும் இடம். அதையும் லேப்டாப்பில் உள்ள கோப்பை வைத்தே கணக்கிடுகிறது. அடி முகவரிக்கு 'இன்ஃபோ ப்ராக் மேப்பிங்ஸ்' பார்க்க வேண்டும். நிரல் விழுந்த கணத்தில் கெர்னலே கோர் கோப்பில் எழுதிவைத்த பட்டியல் அது. நினைவகம் 4096 பைட் பக்கங்களாகப் பிரிக்கப்படுவதால், பதினாறடிமான எண்ணில் அடி முகவரி மூன்று சுழியங்களில் முடியும்.

நின்ற முகவரியிலிருந்து அடி முகவரியைக் கழித்தோம். முந்தைய இரவுகளிலும் நிரல் விழுந்திருந்தது; அந்தக் கோர் கோப்புகளுக்கும் அதையே செய்தோம். முகவரிகள் ஒவ்வொன்றிலும் வேறு. 2005 முதலே லினக்ஸ் கெர்னல், பாதுகாப்புக்காக லைப்ரரிகளுக்கு ஒவ்வொரு முறையும் இடம் மாற்றித்தான் தருகிறது. ஆனால் கழித்து வந்த எண் எல்லாவற்றிலும் ஒன்றே. விழுந்தது ஒவ்வொரு முறையும் ஒரே கட்டளையில்தான். இதைக் கண்டதும் எனக்குப் பாதி வேலை முடிந்த நிம்மதி.

அப்படியானால் பெயர் ஏன் பொருந்தவில்லை? 'இயூ-அன்ஸ்ட்ரிப்' கருவியைக் கோர் கோப்பின் மேல் ஓட்டினோம். ஒவ்வொரு லைப்ரரியின் பில்ட் ஐடியும் வந்தது. லேப்டாப்பிலிருந்த லிப்ஜேபெக்கின் ஐடி வேறு. பாதை ஒன்று, பெயர் ஒன்று, பதிப்பு மட்டும் வேறு. அந்நியக் கோப்பின் சிம்பல்களைத்தான் ஜிடிபி அதுவரை படித்துக்கொண்டிருந்தது.

சர்வரிலிருந்து லைப்ரரிகளை அதே அடைவு அமைப்போடு கொண்டுவந்து, 'செட் சிஸ்ரூட்' கொடுத்து, அந்தப் பதிப்பின் டீபக் தொகுப்பையும் சேர்த்தோம். பேக்ட்ரேஸ் முழுதாக வந்தது. அச்சுக்கான நான்கு நிறப் படம் ஒன்று வந்திருக்கிறது. நிரலோ பிக்சலுக்கு மூன்று பைட் கணக்கில்தான் இடம் ஒதுக்கியிருந்தது. விழுந்த இடம் லிப்ஜேபெக், பிழை நிரலில்.

கோர் கோப்பை இன்னொருவருக்கு அனுப்பும்போது, நிரல் விழுந்த சர்வரின் லைப்ரரிகளையும் கூடவே கட்டி அனுப்புங்கள்.