ஓர் இளம் வாசகியின் குறிப்பேடு

ஜபல்பூர் நகரின் படைக்குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த அம்மாணவி அப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அது அவள் கண்ட நான்காவது பள்ளி. செகந்திராபாத், ஜோத்பூர், குவாகாத்தி என்று தந்தையின் பணி சென்ற ஊர்களுக்கெல்லாம் குடும்பமும் சென்றது. இடமாற்ற ஆணை வந்தவுடன், பெயர் எழுதிய இரும்புப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். பாத்திரங்களுக்கும் துணிகளுக்கும் அவை போதும். மகளின் புத்தகங்களுக்கு ஒரே ஓர் அட்டைப்பெட்டி. அதற்குமேல் இடமில்லை என்பது தந்தையின் விதி.

"எதைக் கொண்டு போவது, எதை விட்டுப் போவது என்று நீயே முடிவு செய், அம்மா" என்பார் அவர்.

ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவள் தன் புத்தகங்களின்முன் அமர்ந்து தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. பரிசு பெற்ற நூல் என்பதற்காக எதுவும் பெட்டிக்குள் போகவில்லை. பிறந்தநாளுக்கு யாரோ தந்தார்கள் என்பதற்காகவும் போகவில்லை. மீண்டும் படிக்கத் தோன்றியது மட்டுமே உள்ளே போயிற்று.

வீட்டில் இத்துணை நேர்மையாக இருந்தவள் பள்ளி மேடையில் அவ்வாறு இருக்கவில்லை. நூலக வாரத்தில் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருவர், தாம் படித்த இளையோர் புதினம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். அவள் ஒரு தடித்த நூலைத் தேர்ந்தாள். "உள்ளத்தை உருக்கும் கதை", "ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய காவியம்" என்று பேசினாள். கைதட்டல் எழுந்தது. உண்மையில் அவள் படித்தவை நாற்பது பக்கங்களே. மற்றவை பின்னட்டையில் அச்சிட்டிருந்த பாராட்டுரைகள்.

கூட்டம் கலைந்தபின் நூலக ஆசிரியை அவளை அருகில் அழைத்தார். கடிந்துகொள்ளவில்லை, மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார்.

"எந்தப் பக்கத்தில் உனக்குச் சலிப்புத் தட்டியது? அந்தக் கதையில் வரும் எவரோடு ஒரே பெஞ்சில் உட்கார விரும்புவாய்? அடுத்த ஊருக்குப் போகும்போது இந்தப் புத்தகத்தை எடுத்துப் போவாயா?"

அவள் தலைகுனிந்து நின்றாள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அவளிடம் விடை இருந்தது. அதைச் சொல்லத்தான் நா எழவில்லை.

ஆசிரியை அவளுக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொன்னார். 1936ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரில் ஸ்டான்லி அன்வின் என்னும் பதிப்பாளரிடம் ஒரு கையெழுத்துப்படி வந்தது. சிறுவர் நூல்களை மதிப்பிடத் தக்கவர்கள் சிறுவர்களே என்பது அவர் கொள்கை. ஆதலின் அதனைத் தம் பத்து வயது மகன் ரெய்னரிடம் தந்தார். படித்துக் கருத்து எழுதித் தந்தால் கூலி ஒரு ஷில்லிங். சிறுவன் கதைச்சுருக்கத்தைச் சில வரிகளில் எழுதினான். நிலப்படங்கள் இருந்தால் வேறு ஓவியங்கள் தேவையில்லை என்றான். ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இக்கதை பிடிக்கும் என்றும் குறித்தான். பத்து வயதுப் பெரியவன் அல்லவா அவன்! மறு ஆண்டு அந்நூல் வெளிவந்தது. ஜே. ஆர். ஆர். டோல்கியன் எழுதிய 'தி ஹாபிட்' அது.

"அந்தப் பையனுக்கு அழகாக எழுதத் தெரியவில்லை. தனக்குத் தோன்றியதை எழுதினான். அதற்குத்தான் அந்த ஷில்லிங்" என்று கூறி, கோடு போட்ட குறிப்பேடு ஒன்றை ஆசிரியை அவளிடம் கொடுத்தார். "பிடித்தது என்றால் ஏன் என்று எழுது. பிடிக்கவில்லை என்றால் எந்தப் பக்கம் என்று எழுது. முழுவதும் படிக்கவில்லை என்றால் அதையும் எழுது."

அன்றிரவே குறிப்பேட்டின் முதல் பக்கம் நிரம்பியது. ஆர். ஜே. பலாசியோ 2012இல் எழுதிய 'வொண்டர்' என்னும் புதினம் அவள் வகுப்பில் பலருக்கும் பிடித்தமானது. பிறவியிலேயே முகம் மாறுபட்டிருந்த ஆகஸ்ட் என்னும் பத்து வயதுச் சிறுவன் முதன்முறையாகப் பள்ளிக்குச் செல்லும் கதை. அவள் எழுதினாள்:

"பாதிக் கதைவரை நான் ஆகஸ்டோடு பள்ளிக்குப் போனேன். மதிய உணவு வேளையில் யார் பக்கத்தில் உட்காருவது என்று அவனுக்கு இருந்த பயம் எனக்கும் நான்கு பள்ளிகளில் இருந்திருக்கிறது. ஆனால் கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அவனுக்குப் பதக்கம் தருகிறார்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது பதக்கமா? எல்லாரையும் போல நடத்தப்படுவதுதானே? அவனுடைய அக்கா பேசும் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் எல்லாரும் தம்பியையே பார்க்கிறார்கள். அவளை யாரும் பார்ப்பதில்லை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருவேன்."

அடுத்த பக்கத்தில் ரஸ்கின் பாண்டு இடம்பெற்றார். பதினேழாம் வயதில் அவர் எழுதத் தொடங்கிய 'தி ரூம் ஆன் தி ரூஃப்' 1956இல் வெளிவந்தது. டேராடூனில் காப்பாளரின் கண்டிப்பில் வளரும் ரஸ்டி என்னும் ஆங்கிலோ இந்தியச் சிறுவன், வீட்டை விட்டு வெளியேறி, நண்பர்களின் துணையோடு மொட்டைமாடி அறை ஒன்றில் வாழ்கிறான். அதைப் பற்றி அவள் எழுதியவை நான்கே வரிகள்.

"அந்த அறை எனக்கு வேண்டும். நண்பர்களும் வேண்டும். ஆனால் ரஸ்டி ஒரு பெண்ணாக இருந்தால் இந்தக் கதை பத்தாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும். யாராவது அவளைத் திரும்ப வீட்டுக்கு அழைத்து வந்திருப்பார்கள்."

இவ்வாறு எழுதிக்கொண்டு வந்தவள் ஒருநாள் ஆர். கே. நாராயணின் 'ஸ்வாமி அண்டு பிரண்ட்ஸ்' நூலை எடுத்தாள். 1935இல் வெளிவந்த அவருடைய முதல் புதினம் அது. சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி என்று வாழும் அவளுக்கு அவர் நெருங்கிய உறவினர் போலத் தோன்றினார்.

கதையின் முடிவில் ஸ்வாமியின் நண்பன் ராஜம் ஊரை விட்டுச் செல்கிறான். ராஜத்தின் தந்தை காவல்துறை அதிகாரி, அவருக்கு இடமாற்றம். கிரிக்கெட் ஆட்டத்துக்கு வராமல் போன ஸ்வாமியின்மேல் ராஜத்துக்குத் தீராத கோபம். பிரிவுப் பரிசாக ஒரு புத்தகத்தை ஏந்தி ஸ்வாமி நடைமேடையில் நிற்கிறான். வண்டி புறப்படும் வேளையில் புத்தகம் சன்னல் வழியே உள்ளே போய்ச் சேர்கிறது. ராஜம் மன்னித்தானா, கடிதம் எழுதுவானா என்பது ஸ்வாமிக்குத் தெரியவில்லை. கதை அங்கே முடிந்துவிடுகிறது.

அவள் நெடுநேரம் எழுதாமல் இருந்தாள். பிறகு எழுதினாள்:

"எல்லாரும் ஸ்வாமிக்காக வருத்தப்படுவார்கள். எனக்கு ராஜத்தின்மேல்தான் மனம் போகிறது. கதை நடைமேடையில் நின்றுவிட்டது. நான் எப்போதும் வண்டிக்குள் இருப்பவள். வண்டி நகர்ந்த பிறகு உள்ளே இருக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று இந்தப் புத்தகத்தில் இல்லை. அவன் அந்தப் பரிசைப் பிரித்தானா? புதுப் பள்ளியில் முதல்நாள் அவனோடு யார் பேசினார்கள்? அவனுக்குக் கோபம் எத்தனை நாளில் தீர்ந்தது? வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும்."

மாத இறுதியில் நடந்த வாசகர் கூட்டத்தில் அவள் இப்பக்கத்தை அப்படியே வாசித்தாள். இம்முறை உடனே கைதட்டல் எழவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர், "இவ்வளவு பெரிய எழுத்தாளரைக் குறை சொல்கிற வயதா உனக்கு?" என்று கேட்டார்.

அவள் குரல் சற்று நடுங்கியது. ஆயினும் சொன்னாள்: "குறை சொல்லவில்லை, ஐயா. கதை பிடித்ததனால்தான் அதனிடம் கூடுதலாகக் கேட்கிறேன்."

அரங்கில் இருந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஏதோ ஓர் ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். வேறோர் ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள். கடைசி வரிசையில் இருந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கூட்டம் முடிந்ததும் நேரே நூலகத்துக்குச் சென்று அப்புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். அவன் தந்தைக்கு அடுத்த மாதம் மாற்றல்.

நூலக ஆசிரியை அவளிடம் மற்றொரு செய்தியைச் சொன்னார். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எஸ். இ. ஹின்டன் என்னும் பள்ளி மாணவி, தன் வயதினரின் உண்மை வாழ்க்கையைச் சொல்லும் கதை கிடைக்கவில்லையே என்று குறைபட்டாள். பிறகு தானே எழுத அமர்ந்தாள். 'தி அவுட்சைடர்ஸ்' என்னும் அப்புதினம் 1967இல் வெளிவந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. "இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள்தாம் இருக்கச் செய்கிறார்கள்" என்றார் ஆசிரியை.

அக்குறிப்பேட்டில் தமிழில் எழுதப்பட்ட பக்கம் ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் தென்காசிக்குச் சென்றபோது ஆச்சி வாங்கித் தந்த நூல் இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஓயாது கேள்வி கேட்கும் மாணவி ஒருத்தியைப் பற்றி ஆசிரியை ஒருவர் சொல்லும் சிறிய கதை. மற்றவர்கள் ஒரே அமர்வில் படித்துவிடும் அந்நூல் அவளுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. எழுத்துக் கூட்டியும், விரல் வைத்தும், தெரியாத சொல்லை அம்மாவிடம் கேட்டும் படித்தாள். ஆங்கில நூல் என்றால் அதைப் பற்றி யாராவது முன்பே சொன்ன கருத்து காதில் விழுந்திருக்கும். இந்நூலைப் பற்றிப் பேச அவள் வகுப்பில் ஒருவரும் இல்லை. இரவல் வாங்க ஒரு கருத்தும் இல்லை. எனவே சொந்தமாகவே எழுத வேண்டியிருந்தது. ளகரமும் ழகரமும் இடம்மாறிக் கிடந்த அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினால் இவ்வாறு வரும்:

"ஆயிஷா இறந்திருக்கக் கூடாது. ஆசிரியர்கள் திருந்துவதற்கு ஒரு மாணவி ஏன் சாக வேண்டும்? எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது."

இரண்டு வாரம் கழித்து அதன்கீழ் வேறு நிற மையில் மேலும் சில வரிகள் காணப்பட்டன:

"இன்று அறிவியல் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். இதுவரை நான் எந்தப் பள்ளியிலும் எழுந்து கேட்டதில்லை. எழும்போது ஆயிஷாவை நினைத்துக்கொண்டேன். அந்த முடிவு இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் பெட்டிக்குள் வரும்."

பிடிக்காத முடிவைக் கொண்ட நூலும் ஒருவரை விட்டு நீங்காதிருக்கக் கூடும் என்பதை அவள் அன்று அறிந்துகொண்டாள்.

அடுத்த ஏப்ரலில் ஆணை வந்தது. இரும்புப் பெட்டிகள் வெளியே வந்தன. அட்டைப்பெட்டியின் அடியில் 'ஆயிஷா' போயிற்று, அதன்மேல் குறிப்பேடு. 'வொண்டர்' பள்ளி நூலகத்துக்குச் சென்றது. அக்கா பேசும் பகுதி தொடங்கும் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தது. 'ஸ்வாமி அண்டு பிரண்ட்ஸ்' நூலின் தன் சொந்தப் படியை மட்டும் அவள் கையில் வைத்திருந்தாள்.

ஜபல்பூர் நிலையத்தில் வழியனுப்ப அவளுடைய தோழி வந்திருந்தாள். கதையில் நடைமேடையில் நிற்பவன் வண்டியில் இருப்பவனுக்குப் புத்தகம் தருகிறான். இங்கே வண்டியில் இருந்தவள் சன்னல் வழியே கையை நீட்டி, நடைமேடையில் நின்றவளிடம் புத்தகத்தைத் தந்தாள்.

தோழி அட்டையைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு முகவரி எழுதியிருந்தது. புதிய ஊரில் வீடு இன்னும் ஒதுக்கப்படவில்லை. எனவே எந்த இடமாற்றத்திலும் மாறாத தென்காசி ஆச்சி வீட்டு முகவரியை அவள் எழுதியிருந்தாள். அதன்கீழ் ஒரே ஒரு வரி:

"படித்துவிட்டு, எந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்று எழுது."

சிந்தித்து எழுதுக

1. நூலக ஆசிரியை கேட்ட மூன்று கேள்விகளுக்கும், நீங்கள் அண்மையில் படித்த கதைநூல் ஒன்றைக் கொண்டு விடை எழுதுக.

2. 'ஆயிஷா' நூலின் முடிவு பிடிக்கவில்லை என்று எழுதியவள் அந்நூலைப் பெட்டிக்குள் வைத்தது ஏன்?

3. வண்டி நகர்ந்தபின் ராஜத்துக்கு என்ன நேர்ந்திருக்கும்? உங்கள் பட்டறிவிலிருந்து ஒரு பத்தி எழுதுக.